மலையில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்: கல்லூரிப் பாடம் மட்டும் போதுமா, கூட எதைச் சேர்ப்பது?

ஊட்டியிலோ குன்னூரிலோ கூடலூரிலோ கொடைக்கானலிலோ பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்த மாணவரை முதல் மாதமே நாலு பக்கத்திலிருந்தும் இழுக்கிறார்கள். "சிலபஸை மட்டும் நம்பாதே, என்.பி.டெல் பண்ணு" என்று ஐஐடி.களின் இலவச ஆன்லைன் பாடங்களைக் காட்டுவார் சீனியர். ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன் பட்டத்தையும் கையோடு படித்துவிடச் சொல்வார் மாமா. கோவையில் ஞாயிறு வகுப்பு நடத்தும் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து வாரம் ஒருமுறை போன் வரும். எல்லாவற்றிலும் பெயரைக் கொடுத்துவிட்டு, மூன்றாம் செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (தரவை நிரலில் அடுக்கி வைக்கும் முறைகள்) அரியரோடு நிற்பவர்கள் ஒவ்வொரு பேட்ச்சிலும் உண்டு. பாடத்திட்டம் போதாது என்பது உண்மைதான். ஆனால் மலையில் அதைவிடத் தட்டுப்பாடானது மணி நேரம். அதை எண்ணிவிட்டுத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

வாரத்தில் மிஞ்சும் மணி. வகுப்பும் லேபும் வாரம் 30 மணி. ஹட்டியிலிருந்தோ (படுகர் ஊர்) எஸ்டேட் லைனிலிருந்தோ (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பஸ் பிடித்து வருபவருக்குப் போக வர தினமும் இரண்டு மணி நேரம் போய்விடும். மாலை 7 முதல் 9.30 வரை உட்கார்ந்தால் ஐந்து நாளில் 12 மணி சொச்சம். சனி, ஞாயிறில் இலை பறிப்பு, வீட்டு வேலை போக ஆறு மணி என்று வையுங்கள். மொத்தம் 18. இதில் ரெக்கார்டு எழுதவும் அசைன்மென்ட், இன்டர்னல் தேர்வுக்குப் படிக்கவும் ஆறேழு மணி போகும். கையில் நிற்பது 10 முதல் 12 மணி. ஹாஸ்டல் மாணவருக்கு இன்னும் ஐந்தாறு மணி கூடலாம். கீழே சொல்லும் எல்லாக் கணக்கும் இந்தப் பத்து மணிக்குள்தான் அடங்க வேண்டும்.

மழையும் டவரும். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டுவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளிலும் கொடைக்கானலிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கவலை. மரம் விழுந்தால் கரண்ட் போகும், மண் சரிந்தால் மலைப்பாதை மூடும். உங்கள் ஊருக்கு எந்த மழை என்பது பாடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஓர் அளவுகோல். கீழ்நாட்டில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு தேவைப்படாது.

படித்து முடித்து எங்கே போவது. நேராக வேலைக்கா, எம்.சி.ஏ.வுக்கா, மேற்படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத்தேர்வு எழுதவா? மூன்றுக்கும் வேறு வேறு பாடங்கள் கனமாக வேண்டும்.

கிரெடிட், அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் பட்டத்தில் தரும் அலகு. வெளியே படிப்பது உங்கள் மதிப்பெண் பட்டியலில் ஏறுமா, கூடுதல் சான்றிதழாக மட்டும் நிற்குமா என்பது.

பணத்தைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். கட்டணத்தைவிடப் பயணம் அதிகம் தின்னும் என்பது போகப் போகத் தெரியும்.

## எந்த வழியானாலும் மாறாத வரிசை

நிரல் எழுதுதல், டிஸ்கிரீட் கணிதம், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், பிறகு டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க். இதில் முதல் மூன்றும் படிக்கட்டு. ஒன்றைத் தாண்டி அடுத்ததில் கால் வைக்க முடியாது. சி மொழியில் பாயின்டர் புரியாதவருக்கு லிங்க்டு லிஸ்ட் புரியாது. லிங்க்டு லிஸ்ட் கை வராதவர் ட்ரீயை மனப்பாடம்தான் செய்வார். பின்னால் வரும் மூன்றையும் இடம் மாற்றிப் படிக்கலாம், நஷ்டமில்லை.

துணைப் பாடமாக வரும் அலைடு கணிதத்தைப் பலரும் "பாஸ் ஆனால் போதும்" என்று தள்ளுகிறார்கள். எம்.சி.ஏ. போக, பிளஸ் டூவிலாவது பட்டப்படிப்பிலாவது கணிதம் படித்திருப்பதைப் பல இடங்களில் எதிர்பார்க்கிறார்கள். என்.ஐ.டி.களின் எம்.சி.ஏ.வுக்கான நிம்செட் தேர்வுக்குப் பட்டப்படிப்பிலேயே கணிதமோ புள்ளியியலோ ஒரு பாடமாக இருக்க வேண்டும், கணித வினாக்களே அதில் அதிக எடை. பிளஸ் டூவில் காமர்ஸ் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த அலைடு தாள்தான் கதவு.

## வழி 1: கல்லூரிப் பாடம் மட்டும், ஆனால் ஆழமாக

இதைச் சோம்பேறி வழி என்று நினைப்பது தவறு. செலவு இல்லை, பயணம் இல்லை, மிஞ்சும் பத்து மணியும் அடிப்படைக்குப் போகிறது. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி வழியாகவே வரும் பயிற்சியும் இதில் அடங்கும். அதை வேண்டாவெறுப்பாக ஒப்பேற்றாமல் ஒழுங்காக முடித்தாலே ஒரு வெளிச் சான்றிதழ் கையில் இருக்கும்.

குறை எங்கே என்றால், லேப் தேர்வு நடக்கும் விதத்தில். 12 நிரல் கொண்ட பட்டியல் ஒன்று தருவார்கள், ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவீர்கள், அதில் ஒன்றுதான் தேர்வில் வரும். ஸ்டாக்கின் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே உள்ளதையே முதலில் எடுக்கும் அமைப்பு) புஷ், பாப், அதாவது போடுவது, எடுப்பது இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் மாணவரிடம், அடைப்புக்குறிகள் சரியாக மூடியிருக்கின்றனவா என்று பார்க்க ஒரு நிரல் எழுதச் சொன்னால் பாதிப் பேர் திறப்பதையும் மூடுவதையும் எண்ணி ஒப்பிடுவார்கள். ( [ ) ] என்று கொடுத்தால் அந்த நிரல் 'சரி' என்றே சொல்லும், ஏனென்றால் ஒவ்வொரு வகையிலும் திறப்பு ஒன்று, மூடல் ஒன்று. திறப்பது வரும்போது ஸ்டாக்கில் போட்டு, மூடுவது வரும்போது மேலே இருப்பதோடு பொருத்திப் பார்த்தால்தான் ) வரும்போது மேலே [ நிற்பது தெரியும். அதோடும் முடியவில்லை. முதல் எழுத்தே ) ஆக இருந்தால் காலி ஸ்டாக்கிலிருந்து எடுக்கப் போய் நிரல் விழும். (( என்று முடிந்தால் கடைசியில் ஸ்டாக் காலியா என்று பார்க்கவும் வேண்டும்.

ரெக்கார்டு நோட்டு இந்த மூன்று தவறையும் காட்டிக்கொடுக்காது. எனவே இந்த வழியை எடுப்பவர் ஒவ்வொரு லேப் நிரலுக்கும் தானே ஐந்து கோணல் உள்ளீடு தயாரித்து ஓட்டிப் பார்க்க வேண்டும்: காலி, ஒன்றே ஒன்று, மிகப் பெரியது, திரும்பத் திரும்ப வருவது, தப்பானது. வாரம் 5 மணி இதற்கு ஒதுக்கினால் போதும்.

மறைமுகச் செலவும் உண்டு. பாடத்திட்டம் மாற ஆண்டுகள் ஆகும்; நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) போன்ற அன்றாடக் கருவியைக் கற்றுத்தர ஆள் இருக்காது. அதை நீங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

யாருக்கு ஏற்றது: நீண்ட தூரம் பஸ்ஸில் வருபவர், வீட்டு வேலை அதிகம் உள்ளவர், முதல் ஆண்டு மாணவர் எல்லோரும். ஆம், எல்லோரும். முதல் இரண்டு செமஸ்டரில் வேறு எதையும் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

## வழி 2: கல்லூரியோடு என்.பி.டெல்

என்.பி.டெல் 2003-இல் ஐஐடி.களும் பெங்களூரு ஐஐஎஸ்சி.யும் சேர்ந்து தொடங்கியது. பாடத்தில் சேரக் கட்டணமில்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் பாடம் ஒன்றுக்கு ரூ.1000 அளவில். ஜனவரியில் ஒரு சுற்று, ஜூலையில் ஒரு சுற்று. வாராந்தர அசைன்மென்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட் சராசரியில் 10, தேர்வில் 30 என்று இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டையும், 8 வாரப் பாடத்தில் சிறந்த 6-ஐயும் எடுத்துக்கொள்வார்கள். கரண்ட் போகிற மலைக்கு இந்த விதி பெரிய சலுகை.

நிரல் எழுதும் பாடங்களில் மறைவான சோதனை உள்ளீடுகளையும் வைத்துத் திருத்துவார்கள். மேலே சொன்ன எண்ணி ஒப்பிடும் நிரல் அங்கே கண்ணுக்குத் தெரியும் சோதனையில் தேறிவிட்டு, மறைவில் விழும். கல்லூரி லேப் தராத பாடம் இது. சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் வழி டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம் பாடம் 8 வாரம்தான். மூன்றாம் செமஸ்டரில் கல்லூரியில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் ஓடும்போதோ, முடிந்த கையோடு ஜனவரியிலோ எடுக்க இதைவிடப் பொருத்தமான பாடம் குறைவு.

### எங்கே சறுக்கும்

அசைன்மென்ட் கெடு பெரும்பாலும் புதன் இரவு 11.59. புதன் இரவு எட்டு மணிக்கு உட்காரலாம் என்று வைத்திருந்தால், ஆகஸ்டில் ஒரு வாரமாவது டவர் இல்லாமல் போகும். கீழே இருப்பவர் அடுத்த தெருவுக்குப் போய் வைஃபை கேட்பார். எஸ்டேட் லைனில் இருப்பவர் டார்ச்சோடு மேட்டில் ஏற வேண்டும், அதுவும் காட்டெருமை நிற்கும் பாதையில். எனவே இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: வீடியோவைக் கல்லூரியிலோ நல்ல சிக்னல் உள்ள இடத்திலோ 360பி தரத்தில் இறக்கிவிடுவது. அரை மணி வகுப்பு சுமார் 100 எம்.பி.; வாரத்துக்கு ஐந்து என்றால் அரை ஜி.பி., 12 வாரத்துக்கு 6 ஜி.பி. கேள்விகளைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்து, விடையைக் காகிதத்தில் முடித்து, திங்கள் மதியம் கல்லூரியிலிருந்தே ஏற்றிவிட வேண்டும். புதனைக் கெடுவாக நினைக்கவே கூடாது.

அடுத்தது கிரெடிட். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021-இல் கொண்டுவந்த விதிப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் (மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளம், என்.பி.டெல் பாடங்களும் இதில்தான்) வழியாக எடுக்கக் கல்லூரி அனுமதிக்கலாம். 'அனுமதிக்கலாம்' என்பதுதான் அங்கே முக்கியமான சொல். 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2. உங்கள் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) தாள் 4 கிரெடிட் என்றால் ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. படித்து முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் "முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்ற பதில்தான் வரும். சேரும் முன்பே துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி.யிடம் கடிதம் கொடுத்து, எந்தத் தாளுக்கு ஈடு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வு முடிவு வர ஒரு மாதம்கூட ஆகலாம். கல்லூரி மதிப்பெண் அனுப்பும் தேதிக்கு அது வந்து சேருமா என்றும் கேட்டுவிடுங்கள்.

### எந்தச் சுற்றில் எது

ஜனவரி முதல் ஏப்ரல் வரை குளிர் இருக்கும், பனி விழும். ஆனால் வானம் வெளுத்திருக்கும், டவரும் பாதையும் நிற்கும். தொடர்ந்து பின்பற்ற வேண்டிய கனமான பாடங்கள், அதாவது டிஸ்கிரீட் கணிதம், அல்காரிதம், 12 வார நெட்வொர்க் எல்லாம் ஜனவரிச் சுற்றுக்கு. ஜூலைச் சுற்றில் 8 வாரப் பாடம் ஒன்று போதும். கூடலூர்க்காரருக்கு வகுப்பு நடக்கும் வாரங்களில் மழை. கோத்தகிரி, கொடைக்கானல்காரருக்குத் தேர்வு நாளில் மழை. ஜூலைச் சுற்றே வேண்டும் என்றால் கொடைக்கானல் மாணவர் முன்னதாகத் தேர்வு முடியும் குறுகிய பாடத்தை எடுப்பது மேல்.

யாருக்கு ஏற்றது: முதல் ஆண்டை அரியர் இல்லாமல் முடித்து, வாரம் ஆறு மணி தர முடிகிற எவருக்கும். ஒரு சுற்றில் ஒரு பாடம். எம்.சி.ஏ., கேட் எண்ணம் உள்ளவர்கள் முதலில் எடுக்க வேண்டிய வழி இதுவே. பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதலாம்; அந்தப் பாடத்திட்டத்தில் நம் கல்லூரிகள் லேசாகத் தொட்டுவிட்டுப் போகும் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கம்பைலர் இரண்டையும் என்.பி.டெல்-இல் ஈடுகட்டலாம்.

## வழி 3: கல்லூரியோடு ஐஐடி மெட்ராஸ் பி.எஸ்.

2020-இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி 2022-இல் வழி திறந்ததும் மலையில் இதற்கு மவுசு கூடியது. ஜே.இ.இ. வேண்டாம், நான்கு வாரம் படித்துத் தகுதித்தேர்வு எழுதினால் சேரலாம். அடித்தள நிலை, டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என்று படிகள், எந்தப் படியிலும் அதற்குரிய சான்றிதழோடு இறங்கிக்கொள்ளலாம். தரத்தில் குறை சொல்ல இடமில்லை. கணக்கில்தான் இடிக்கிறது.

ஒரு பாடத்துக்கு வாரம் 10 மணி. மிஞ்சுவதே பத்து மணி. ஆண்டுக்கு மூன்று டெர்ம். டெர்முக்கு ஒரு பாடம் என்று போனால் அடித்தள நிலையின் 8 பாடங்கள் முடிய எட்டு டெர்ம். அதாவது கல்லூரியில் மூன்று ஆண்டு முடியும்போது இங்கே முதல் படிதான் தாண்டியிருப்பீர்கள். டெர்முக்கு இரண்டு என்றால் 16 மாதம். அதற்கு வாரம் 20 மணி வேண்டும். அது ஹாஸ்டலில் இருப்பவருக்கும், கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு உள்ளவருக்கும் மட்டும், அதுவும் வார இறுதியை முழுதாகத் தந்தால்தான் சாத்தியம்.

அடித்தளப் பாடம் ஒன்றுக்கு ரூ.4000 அளவில் வரும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கும் 75 சதவீதம் வரை சலுகை உண்டு. சலுகைக்கான வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாம் செல்லுபடி தேதியோடு கையில் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கச் சில வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணம்தான் மறைந்திருக்கும் பெரிய செலவு. குவிஸ் இரண்டு, எண்ட் டெர்ம் ஒன்று, மூன்றும் ஞாயிற்றுக்கிழமை நேரில். ஆண்டுக்கு ஒன்பது பயணம். ஊட்டியிலிருந்து கோவை சுமார் 86 கி.மீ., பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். மே மாத சீசனில் குன்னூர் வழியே ஏற்றி கோத்தகிரி வழியே இறக்கும் ஒருவழிப்பாதை வந்தால் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. போய்வர, சாப்பாட்டோடு ஒருமுறைக்கு ரூ.500 என்றாலும் ஆண்டுக்கு ரூ.4500. கூடவே அப்பாவோ அம்மாவோ வந்தால் இரட்டிப்பு, ஒரு நாள் கூலியும் போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இது டேட்டா சயின்ஸ் பட்டம். அடித்தளத்தில் கணிதம் இரண்டு, புள்ளியியல் இரண்டு, ஆங்கிலம் இரண்டு, நிரல் சார்ந்தவை இரண்டு. உங்கள் கல்லூரி டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்கு இது உடனே கைகொடுக்காது. அந்தப் பாடம் அங்கே டிப்ளமோ நிலையில்தான் வரும்.

யாருக்கு ஏற்றது: பிளஸ் டூ கணிதம் நன்றாக வந்தவர், வாரம் 20 மணி உள்ளவர், டேட்டா பக்கம் போவது என்று தீர்மானித்தவர். பட்டம் முடித்து ஊரிலேயே வேலை பார்த்துக்கொண்டு தொடர நினைப்பவருக்கும் நல்லது, பி.எஸ்சி. முடித்த பிறகு சேர்ந்தால் எந்த அவசரமும் இல்லை.

## வழி 4: ஞாயிறு இன்ஸ்டிட்யூட்

ஆறு மாதம், 24 ஞாயிறு, கோவைக்குப் போக வர ஏழு மணி: 168 மணி நேரம் பஸ்ஸிலேயே போகிறது. 12 வார என்.பி.டெல் பாடம் ஒன்றின் மொத்த வீடியோவே சுமார் 30 மணிதான். பணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு திருப்பித் தராத இடம் என்றால் யோசிக்கவே வேண்டாம். 'ஃபுல் ஸ்டாக்' என்று சொல்லி ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படைக்கு முன்பே அதன் மேல் கட்டிய ரியாக்ட் சொல்லித்தரும் இடமும் வேண்டாம். ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில் புராஜெக்டைத் தட்டிக்கேட்டுத் திருத்த ஆள் வேண்டும், இன்ஸ்டிட்யூட்டும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, மாதாமாதம் கட்டலாம் என்றால் மட்டும் பார்க்கலாம்.

## ஒரே பார்வையில்

| | கல்லூரி மட்டும் | + என்.பி.டெல் | + ஐஐடி பி.எஸ். | + இன்ஸ்டிட்யூட் |
|---|---|---|---|---|
| வாரக் கூடுதல் மணி | 5 | 6 (ஒரு பாடம்) | 10 (ஒரு பாடம்) | வகுப்பு நேரம் + பஸ் 7 |
| ஆண்டுக் கட்டணம் | இல்லை | ரூ.1000–2000 | ரூ.12,000–24,000, சலுகைக்கு முன் | இடத்துக்கு இடம் வேறு |
| தேர்வுக்கு இறங்குவது | இல்லை | ஆண்டுக்கு 1–2 முறை | ஆண்டுக்கு 9 முறை | வாராவாரம் |
| பட்டத்தில் கிரெடிட் | முழுதும் | முன் அனுமதி இருந்தால் | தனிப் பட்டம் | இல்லை |
| மழை தாங்குமா | தாங்கும் | திட்டமிட்டால் | கடினம் | தாங்காது |
| தொடங்க ஏற்ற நேரம் | முதல் நாள் | 3-ஆம் செமஸ்டர் | 3-ஆம் செமஸ்டர் அல்லது பட்டம் முடித்து | 5-ஆம் செமஸ்டர் |

## எலெக்டிவ் தாளும் தேர்வுப் பயணமும்

கடைசி ஆண்டு எலெக்டிவ் பட்டியலில் ஐஓடி (கருவிகளை இணையத்தில் இணைப்பது), கிளவுட், டேட்டா மைனிங், நெட்வொர்க் செக்யூரிட்டி என்று இருக்கும். பெயரைப் பார்க்காமல் லேபைப் பாருங்கள். சென்சாரும் போர்டும் ஆளுக்கொன்று இல்லாத லேபில் ஐஓடி எடுத்தால் வெறும் தியரி தாள். டேட்டா மைனிங்குக்குப் புள்ளியியல் வேண்டும். அலைடில் ஒப்பேற்றியவர் திணறுவார். நெட்வொர்க் செக்யூரிட்டிக்கு லேப் கணினியும் லினக்ஸும் போதும் என்பதால் மலைக்கல்லூரிகளுக்கு அது ஒத்துவரும்.

தேர்வு மையம் தேர்ந்தெடுக்கும்போது நீலகிரிக்காரர் கோவையையும், கொடைக்கானல்காரர் மதுரையையோ திண்டுக்கல்லையோ பார்ப்பார்கள். காலை அமர்வு கிடைத்தால் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். முதல் பஸ்ஸை நம்பி அக்டோபரில் கிளம்பினால், பர்லியாறு வளைவிலோ வத்தலக்குண்டு மலைப்பாதையிலோ ஒரு மரம் விழுந்தாலே தேர்வு போச்சு. ஹால் டிக்கெட்டைச் சனிக்கிழமையே ஊரில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேட்டுப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை தேடி அலைய முடியாது.